முந்துவதற்கு முந்தைய நொடி: இருபது வருஷம் ரேஸ் பார்த்த அனுபவம்

மயிலாடுதுறையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2005-லிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ரேஸ்தான். ஃபார்முலா 1-இல் ஆரம்பித்து மோட்டோ ஜிபி (பைக் பந்தயம்), இண்டிகார் (அமெரிக்கக் கார் பந்தயம்), லெ மான் (பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம்), ஃபார்முலா இ (பேட்டரி கார் பந்தயம்), நம்ம ஊர் ஃபார்முலா 4 என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சீசனாவது விடாமல் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதிலிருந்து பட்டறைக்கு வரும் பையன்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "அண்ணே, எந்த ரேஸு நல்லா இருக்கும்? எதைப் பாக்கலாம்?" வேலைக்கு நடுவே நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 கார் ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் கேபிள்காரரிடம் சொல்லி அந்தச் சேனலைப் போடச் சொன்னேன். அந்த வருஷம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அவர் நான்காவதாக வந்தார், ஐந்து பாயிண்ட். ஆனால் மிஷெலின் டயர் அந்தச் சாய்வான வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் விலகிப்போய், ஆறே ஆறு கார்தான் ஓடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பந்தயம் பார்த்த நிறைவு மட்டும் வரவில்லை.

அந்த நிறைவு அதே வருஷம் ஏப்ரலில், இத்தாலியின் இமோலாவில் கிடைத்திருந்தது. அலோன்சோ முன்னால். எங்கேயோ பின்னாலிருந்து கிளம்பிய ஷூமாக்கர் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து கடைசிப் பத்துப் பன்னிரண்டு சுற்று அவர் முதுகில் ஒட்டிக்கொண்டார். ஷூமாக்கரின் சிவப்பு ஃபெராரிதான் வேகம் என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். இமோலா குறுகல், முந்த இடம் கிடையாது. அலோன்சோ வேகமாகப் போகவில்லை, சரியான இடத்தில் மெதுவாகப் போனார். வளைவுக்குள் ஒரு மூச்சு முன்னாடியே பிரேக், ஷூமாக்கர் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றத்தில் இவர் நேர்கோட்டுக்குப் போய்விடுவார். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே பிரேக். கடைசியில் வித்தியாசம் 0.215 நொடி. அந்தக் கடைசிச் சுற்றுகளில் ஒரு தடவைகூட யாரும் யாரையும் முந்தவில்லை. நான் எழுந்து நின்றபடியேதான் பார்த்து முடித்தேன்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அன்றைக்குத் தோன்றியது. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடிக்கு நடக்கிற மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்துக்குச் சித்தப்பா சின்ன வயசிலேயே கூட்டிப்போவார். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, அப்புறம் குதிரைகள். எனக்குப் பிடித்தது நடு மாடு. பின்வண்டி மாட்டின் வாய் நுரை முன்வண்டிச் சக்கரத்தில் தெறிக்கும் அளவுக்கு நெருங்கி வரும். சாலை ஓரத்தில் ஜனம், அதற்கு அப்பால் வயல், ஒதுங்க இடமில்லை. முன்வண்டிச் சாரதிக்குப் பின்னால் வருவது கண்ணுக்குத் தெரியாது, குளம்புச் சத்தம் மட்டும் காதுக்குள் ஏறும். சித்தப்பா என் தோளை அழுத்திச் சொல்வார்: "அவன் இப்பத் திரும்பிப் பாப்பான் பாரு. பாத்தான்னா வண்டி போச்சு." பாதி நேரம் அப்படியே நடக்கும். தலை திரும்பியதும் கயிறு இளகும், மாடு ஒரு அடி விலகும், பின்வண்டி உள்ளே நுழைந்துவிடும்.

இருபது வருஷமாக ஒவ்வொரு பந்தயத்திலும் நான் தேடுவது அந்தத் தலை திரும்புகிற நேரத்தைத்தான். வேகம் அல்ல. எத்தனை தடவை முந்தினார்கள் என்ற கணக்கும் அல்ல.

அதனால்தான் 2011-இல் ஃபார்முலா 1-இல் டிஆர்எஸ் வந்தது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு நொடிக்குள் நெருங்கிவிட்டால் பின்னால் வருபவர் குறிப்பிட்ட நேர்கோட்டில் பின் இறக்கையைத் திறந்துகொள்ளலாம் என்பது 2025 வரை இருந்த விதி. முன்னால் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. முந்துவது எண்ணிக்கையில் கூடியது. ஆனால் பாதிக்கு மேல் நேர்கோட்டின் நடுவிலேயே முடிந்துவிடும். தடுக்க வழியில்லாதவரைத் தாண்டிப் போவதில் என்ன இருக்கிறது? சைக்கிளைத் தாண்டிப் போகிற பஸ் மாதிரிதான்.

டிஆர்எஸ் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஃபார்முலா 1 கார் காற்றை வைத்துத்தான் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. வைக்கோல் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேர் பின்னால் போகும்போது இழுத்துக்கொண்டு போகிற மாதிரி சுகமாக இருக்கும், கொஞ்சம் விலகினால் காற்று கலங்கி வண்டி ஆடும். வளைவில் அந்தக் கலங்கிய காற்றுக்குள் போகிற காருக்குப் பிடிப்பு குறையும், டயர் வழுக்கி வழுக்கிச் சூடாகும், நான்கு சுற்றில் பின்வாங்க வேண்டியதுதான். 2022-இல் காரின் அடிப்பகுதியையே மாற்றினார்கள். முதல் வருஷம் நெருங்கிப் போக முடிந்தது, போகப்போக மறுபடி பழைய கதை. காரும் பெருத்துவிட்டது. நான் பார்க்க ஆரம்பித்தபோது ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோவுக்குச் சற்று மேல். 2025-இல் குறைந்தபட்சமே 800 கிலோ. மொனாக்கோ மாதிரி சந்துக்குள் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் போக வழியே இல்லை. 2023-இல் 22 பந்தயத்தில் 21-ஐ ரெட் புல் ஜெயித்தது. வெர்ஸ்டாப்பன் ஓட்டுவது அசாத்தியமான கலை, அதை ரசித்தேன். ஆனால் மணியைப் பார்த்துக்கொண்டே பார்த்த சீசன் அது.

மோட்டோ ஜிபியிடம் நான் மனசைக் கொடுத்தது இந்த இடத்தில்தான். பைக்கில் ஓட்டுபவரின் உடம்பு முழுக்கத் தெரியும். முழங்கை தரையில் உரசுகிறது, பிரேக் பிடிக்கும்போது உள்பக்கக் காலைத் தொங்கவிடுகிறார், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். சித்தப்பா காட்டிய அதே தலை! நாற்பது நாற்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் அதில் சும்மா போகிற சுற்று குறைவு. 2015-இல் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் மார்க்கேஸ், லொரென்சோ, இயன்னோனே, ராஸி நான்கு பேரும் இடம் மாறி மாறி வந்தார்கள். நடுவில் இயன்னோனே பைக்கில் ஒரு கடல் பறவை வந்து மோதியது. கடைசிச் சுற்றில் மார்க்கேஸ் லொரென்சோவைத் தாண்டி ஜெயித்தார். புதிதாக யாராவது கேட்டால் இந்த ஒரு பந்தயத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இப்போது அங்கேயும் நோய் தொற்றியிருக்கிறது. டுகாட்டி ஆரம்பித்து வைத்த இறக்கைகள் எல்லாப் பைக்கிலும் வந்துவிட்டன. நேர்கோட்டில் பைக்கைத் தாழ்த்துகிற கருவி வேறு. முன்பைக்கின் சூடான காற்றில் போகிறவருக்கு முன் டயரின் சூடும் காற்றழுத்தமும் ஏறி, பிரேக் பிடிக்கும் தைரியம் போய்விடுகிறது. 2027-இல் எஞ்சினை 1000-லிருந்து 850 சிசியாகக் குறைக்கிறார்கள், தாழ்த்துகிற கருவிக்குத் தடை, இறக்கையும் சிறிதாகிறது. அதற்காகக் காத்திருக்கிறேன்.

2011 அக்டோபரைத் தாண்டி எழுத முடியவில்லை. 16-ஆம் தேதி லாஸ் வேகஸில் இண்டிகார் பந்தயத்தில் 15 கார்கள் மோதிக்கொண்டதில் டான் வெல்டன் இறந்தார். அதே வருஷம் மே மாதம் இண்டியானாபொலிஸ் 500-ஐ ஜெயித்தவர். அடுத்த ஞாயிறு, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், மதியம் சாப்பிட்டு உட்கார்ந்து மலேசியா மோட்டோ ஜிபியைப் போட்டேன். இரண்டாவது சுற்றில் சிமோன்செல்லி விழுந்தார். ஹெல்மெட் தனியாக உருண்டது. டிவியை அணைத்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு நம் நாட்டின் முதல் ஃபார்முலா 1 பந்தயம், கிரேட்டர் நொய்டாவில். ஆரம்பிப்பதற்கு முன் இருவருக்கும் ஒரு நிமிஷம் மௌனம் நின்றார்கள். வருஷக்கணக்காக ஆசைப்பட்ட நாள், ஆனால் மனசு ஒட்டவில்லை. வெட்டல் ஜெயித்தார்.

ஆபத்துதான் விறுவிறுப்பு என்று சொல்கிறவர்களோடு அன்றிலிருந்து நான் பேசுவதில்லை. பந்தயத்தில் விறுவிறுப்பு என்பது ஓட்டுநர் எடுக்கிற முடிவில் இருக்கிறது. அந்த மோதலில் வெல்டனுக்கு முடிவெடுக்க எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. முட்டை வடிவத் தடத்தில் நடக்கிற ஓவல் பந்தயத்தில் எல்லா காரும் ஒரே வேகம், கும்பலாகப் போகும். 2006-இல் இண்டியானாபொலிஸில் ஹார்னிஷ் கடைசி நேர்கோட்டில் மார்கோ ஆண்ட்ரெட்டியை 0.0635 நொடியில் முந்தியதைப் பார்த்து மிரண்டுபோனவன்தான் நான். 2011-க்குப் பிறகு இரண்டு வருஷம் ஓவல் பக்கமே போகவில்லை. இப்போது பார்க்கிறேன்; 2020-லிருந்து ஓட்டுநர் தலைக்கு முன்னால் கண்ணாடிக் கவசம் வந்திருக்கிறது. இண்டிகாரின் நல்ல பக்கம், எல்லோருக்கும் ஒரே டல்லாரா சட்டகம். பணக்கார அணியாக இருந்தாலும் ஓட்டத் தெரிய வேண்டும்.

லெ மான் வேறு வகை. 24 மணி நேரம். நம் நேரம் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஆரம்பித்து ஞாயிறு ஏழரைக்கு முடியும். ஜூன் மாதம் நடுவில் வருவதால் எனக்கு அது மேட்டூர் திறப்போடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. 2023-இல் ஃபெராரி அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்து ஜெயித்தது ஜூன் 11. மறுநாள் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். குறுவைக்கு எஞ்சின் ரிப்பேர் பார்க்க ஆள் வந்து நிற்கும் நேரம், பட்டறையில் ஒரு பக்கம் கடைசல், ஒரு பக்கம் செல்போனில் ரேஸ். லெ மானை அப்படித்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் தூக்கம் வரும். வேலையோடு பார்த்தால், விடியற்காலை நான்கு மணிக்கு எட்டிப் பார்க்கும்போது இரவில் மூன்றாவதாக இருந்த கார் ஓரமாகப் புகைந்துகொண்டிருக்கும்.

2016-ஐ நினைத்தால் இன்னும் வயிறு பிசைகிறது. டொயோட்டா 23 மணி 55 நிமிஷத்துக்கு மேல் ஓடி முன்னால் இருந்தது. நகாஜிமா ரேடியோவில் "பவர் இல்லை" என்று கத்தினார். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கடைசிச் சுற்றைத் தொடங்கியதும் கார் நின்றுவிட்டது. போர்ஷே தாண்டிப் போய் ஜெயித்தது. எஞ்சினோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். தடத்தோரம் கார் பழுது பார்க்கும் அந்தப் பிட்டில் நின்ற மெக்கானிக்குகளின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபார்முலா இ-யை என் மகள் பார்ப்பாள். 2023-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க எல்லோரும் மெதுவாகக் கும்பலாகப் போய்க் கடைசியில் பாய்வார்கள். கணக்கு நன்றாக இருக்கிறது, எனக்குச் சத்தம் இல்லாமல் நெஞ்சில் ஏறவில்லை. ராலி நேரில் பார்க்க வேண்டியது, டிவிக்கு ஆகாது.

நேரில் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை. வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். 3.7 கிலோமீட்டர் தடம். 165 சிசி பைக்குகள் ஓடும். தெருவில் நாம் பார்க்கிற பைக்தான். சக்தி குறைவு என்பதால் யாரும் யாரையும் விட்டு ஓட முடியாது. முன்னவர் முதுகுக் காற்றில் ஒளிந்து ஒளிந்து ஏழெட்டுப் பேர் ஒரே கொத்தாக வருவார்கள், கோட்டைத் தாண்டும்போது யார் முதல் என்று பக்கத்தில் நிற்பவரோடு வாக்குவாதம் வரும். கோடிக்கணக்கான ரூபாய் காரில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்துக்கும் மகளோடு ரயிலேறிப் போனேன். வெளிச்சமும் சத்தமும் கூட்டமும் மறக்காது. ஆனால் வேலிக்குப் பின்னால் நின்றால் ஒரு கார் கண்ணில் படுவது மூன்று நொடி. யார் யாரைத் துரத்துகிறார் என்று திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

பார்க்கிற வசதி பற்றி ஒன்று. 2008 நவம்பரில் பிரேசில் பந்தயம், ராத்திரி பத்தரைக்கு ஆரம்பம், இங்கே ஐப்பசி மழை. கடைசி ஐந்து சுற்று இருக்கும்போது கரண்ட் போனது. ஹாமில்டன் கடைசி வளைவில் கிளாக்கைத் தாண்டி ஒரே பாயிண்டில் பட்டம் வாங்கியதை மறுநாள் டீக்கடை பேப்பரில்தான் படித்தேன். பிறகு பத்துத் தடவைக்கு மேல் வீடியோவில் பார்த்துவிட்டேன், கை நடுங்கவில்லை. முடிவு தெரிந்த பந்தயம் ஆறிப்போன காபி. இப்போது கரண்ட் பரவாயில்லை; வருஷச் சந்தா கட்டிய ஒரு செயலி முக்கியமான நேரத்தில் வட்டம் சுற்றி நிற்கிறது. மூன்று தடவை புகார் எழுதியும் அச்சடித்த பதில்தான் வந்தது. சந்தாவை மாதக் கணக்கில் எடுங்கள்.

பையன்களுக்கு என் பதில்: மோட்டோ ஜிபியோடு சேர்ந்து நடக்கிற சின்ன பைக் பிரிவான மோட்டோ 3-இல் ஆரம்பியுங்கள். 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஓட்டுகிறவர்களுக்கு உங்கள் வயசுதான். ஐரோப்பாவில் நடந்தால் பெரும்பாலும் நமக்கு மதியம் இரண்டரை வாக்கில் ஆரம்பிக்கும், நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கடைசி மூன்று சுற்றில் முதல் ஆளைப் பார்க்காதீர்கள். மூன்றாவதாக, நான்காவதாக வருகிறவரைப் பாருங்கள். எந்த வளைவில் போகலாம் என்று அவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் அளந்துகொண்டிருப்பார்.