பழைய மாருதி 800-இல் பெட்ரோல் கசிவு: ரப்பர் ஹோஸா, செம்பா, இரும்புக் குழாயா?

மாருதி 800-இல் பெட்ரோல் டேங்க் பின்புறமும் இஞ்சின் முன்புறமும் இருப்பதால், இரண்டையும் இணைக்கும் மெல்லிய இரும்புக் குழாய் வண்டியின் அடித்தளம் நெடுக ஓடுகிறது. பல ஆண்டுகள் மழைநீரும் சேறும் பட்ட அந்தக் குழாய், பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில்தான் முதலில் அரிக்கிறது. ஈரமண் காயாமல் தங்கும் இடம் அதுவே. கசிவு தெரிந்தவுடன் மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்லும் வழிகள் மூன்று: அரித்த பகுதியை வெட்டி ரப்பர் ஹோஸால் இணைப்பது, முழுக் குழாயையும் செம்பில் மாற்றுவது, அல்லது புதிய இரும்புக் குழாய் போடுவது.

எந்த வழி என்பதை விலை மட்டும் தீர்மானித்துவிட முடியாது. குழாய்க்குள் இருக்கும் அழுத்தமே முதலில் பேச வேண்டியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை) வருவதற்கு முந்தைய கார்பரேட்டர் வண்டிகளில் பம்ப் இஞ்சினோடு சேர்ந்திருக்கிறது. எனவே டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள நீண்ட குழாயில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான் உண்டு. அங்கே ஊசித்துளை விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் சொட்டுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் திணறும், நிறுத்திவைத்த பிறகுதான் தரையில் ஈரம் தெரியும். இந்தத் திணறலுக்காகக் கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்த பிறகே நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலோ பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால், குழாய் முழுவதும் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இருக்கும். அதே ஊசித்துளை அங்கே பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும், அதுவும் சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில்.

ரப்பர் ஹோஸ் வைத்து ஒட்டுப்போடுவது அரைமணி நேர வேலை. செலவும் மிகக் குறைவு. கார்பரேட்டர் வண்டியில், அரிப்பு ஓரிடத்தில் மட்டுமே இருந்து மற்ற இடங்களில் இரும்பு கெட்டியாக இருந்தால், இதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஹோஸ் என்பதில் கண்டிப்பு வேண்டும். தண்ணீருக்கும் வேக்குவத்துக்கும் உள்ள ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். எரிபொருள் ஹோஸ்களுக்கான எஸ்.ஏ.இ. ஜே30 தரத்தில் ஆர்7 என்ற வகை கார்பரேட்டர் அழுத்தத்துக்கு உரியது. ஆர்9 இன்ஜெக்‌ஷனுக்கு உரியது, அதன் உட்பூச்சு எத்தனாலையும் நன்கு தாங்கும். 2023-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்த பிறகு, கார்பரேட்டர் வண்டிக்கும் ஆர்9 வாங்குவதே புத்தி. இன்னொரு சிக்கல், வெட்டிய இரும்புக் குழாயின் முனை வழவழப்பாக இருப்பது: ஃப்ளேரிங் கருவியால் முனையில் சிறு மேடு எழுப்பாவிட்டால், கிளாம்ப் எவ்வளவு இறுகினாலும் ஹோஸ் மெல்ல நழுவும். கிளாம்ப்பும் துளையுள்ள பட்டை வகையாக இருந்தால் ரப்பரை அறுத்துவிடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் அடித்தளத்தில் இந்த ஒட்டுவேலையை நான் ஏற்க மாட்டேன்.

செம்புக் குழாயை மெக்கானிக்குகள் விரும்புவதற்குக் காரணம் எளிது: ஃப்ரிட்ஜ் வேலைக்கு விற்கும் சுருளாக எங்கும் கிடைக்கிறது, கையாலேயே வளைகிறது, துருப்பிடிப்பதில்லை. எனினும் தொடர் அதிர்வில் செம்பு இறுகி, இணைப்புக்கு அருகே விரிசல் விடும். அத்துடன் செம்பு பெட்ரோலில் பிசின் சேர்வதைத் துரிதப்படுத்துகிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிக்கு அது நல்லதல்ல. 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த உலோகக் குழாய் இந்த விஷயத்தில் வேறு சாதி: எளிதில் வளையும், துருவையும் அதிர்வையும் தாங்கும். விலை அதிகம், உள்ளூர்க் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

கிடைக்காதபோது புதிய இரும்புக் குழாய்தான் என் தேர்வு, எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு ஐயமின்றி. நேர்க்குழாயாக வாங்கி, பழையதைக் கழற்றி அச்சாக வைத்துக்கொண்டு பெண்டரில் (குழாய் வளைக்கும் கருவி) வளைக்க வேண்டும். கையால் வளைத்தால் மடிந்து பாதை அடைபடும். ஒரு நாள் வேலை, கூலியும் அதற்கேற்ப. சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், உடைத்த வண்டியிலிருந்து வளைவு மாறாத குழாய் மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். அதற்கும் நம் குழாயின் வயதுதான் என்பதை மறக்கக் கூடாது.

எபாக்ஸி பசை, பற்றவைப்பு (வெல்டிங்) இரண்டையும் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. பெட்ரோல் ஈரத்தில் பசை பிடிக்காது. பற்றவைப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எந்த வழியானாலும், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும்; எம்.பி.எஃப்.ஐ. என்றால் அதற்கும் முன்பே பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஆகவே சர்வீஸ் பள்ளத்துக்குள் நின்று இந்த வேலையைச் செய்யாமல், வண்டியைத் திறந்தவெளியில் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்திச் செய்வது நல்லது. முடிந்தபின் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, இரவு முழுவதும் அடியில் அட்டையை விரித்துவைத்து, காலையில் அதில் கறை இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.