வாயில் இரும்பில்லாத கடிவாளம்: ஒரு மதிப்புரை

இங்கே நான் மதிப்பிடுவது, பிட் எனப்படும், வாய்க்குள் செல்லும் இரும்புத் துண்டு எதுவும் இல்லாமல், மூக்கின் மேலும் தலையைச் சுற்றியும் படியும் வார்களால் மட்டுமே குதிரையை நடத்தும் ஒரு தோல் கடிவாளம். தாடைக்கு அடியில் வார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் வகை இது. அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் என் மார்வாரி இனப் பெட்டைக் குதிரைக்கு இதைப் பூட்டி, ஒரு கோடை முழுவதும், பிறகு ஐப்பசி மழையிலும் சவாரி செய்த பின்னரே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது வாங்கத் தகுந்த பொருள். ஆனால் பிட்டைக் கழற்றிய மாத்திரத்தில் குதிரையின் துன்பம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி இதை வாங்கக் கூடாது.

குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் அமர்வது அங்கேதான். அந்த இடத்தில் எலும்பின் விளிம்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. அழுத்தத்தைத் தாங்கச் சதை கிடையாது. கை கனத்தவர் லகானை, அதாவது கையில் பிடிக்கும் வாரை, இழுக்கும்போது நாக்கு நசுங்குகிறது, ஈறு கன்றிப்போகிறது. ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தால் அந்த எலும்பிலேயே புடைப்புகள் வளர்ந்துவிடுவதும் உண்டு. தலையை வெட்டி வெட்டி ஆட்டுவது, வாயைப் பிளப்பது, நாக்கைப் பிட்டுக்கு மேலே தூக்கிக்கொள்வது ஆகியவற்றை அடம் என்று சொல்லிச் சவுக்கை எடுப்பவர்கள் முதலில் குதிரையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஊர்வலக் குதிரைகளுக்கும் வண்டிக் குதிரைகளுக்கும் முள் வைத்த பிட் போடும் கொடுமை இன்னும் முற்றாக ஒழியவில்லை. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள்ளும் குமிழும் உள்ள பிட்டுகளைத் தெளிவாகவே தடை செய்திருக்கின்றன. அப்படியிருந்தும் அவை விற்கப்படுவது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தக் கடிவாளம் வேலை செய்யும் விதம் எளிது. லகான் மாட்டும் வார், மூக்கு வாரின் வளையம் வழியாகப் புகுந்து, தாடைக்கு அடியில் மறுபக்கம் சென்று, எதிர்க் கன்னத்தின் வழியாக மேலேறி, காதுகளுக்குப் பின்னே உச்சியைச் சுற்றுகிறது. இடது லகானை இழுத்தால் வலது கன்னத்தில் ஒரு தள்ளல் விழுகிறது. குதிரை அதற்கு விலகி இடப்பக்கம் திரும்புகிறது. இரண்டு லகான்களையும் சேர்த்து இழுத்தால் தலை முழுவதையும் அணைத்துப் பிடித்தாற்போல் அழுத்தம் பரவுகிறது. திருப்புவதில் இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். தென்னை வரிசைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து செல்லும்போது, முன்பு லகானுக்கு எதிராகக் கழுத்தை விறைத்துக்கொண்ட குதிரை, இப்போது மூக்கு நுனியிலிருந்து வால் வரை வளைந்து திரும்புகிறது. சவாரியின்போதே தாடையைத் தளர்த்தி மெல்லுவதையும் பெருமூச்சு விடுவதையும் கண்டபோது, இதற்காகச் செலவிட்ட பணம் வீணாகவில்லை என்று மனதாரத் தோன்றியது.

குறையும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அன்று, அழுத்தம் விலகும் கணத்தால். குறுக்கே செல்லும் வார்கள் வளையத்தில் உராய்வதால், நான் கையைத் தளர்த்திய பின்னும் பிடி சற்றுத் தாமதித்தே விலகுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையும் புழுதியும் தோலில் ஏறிவிட்டால் அந்தத் தாமதம் கூடுகிறது. நிற்கச் சொல்லி நின்ற குதிரைக்கு உடனே விடுதலை கிடைக்காவிட்டால், அடுத்த முறை அது ஏன் நிற்க வேண்டும்? ஆகவே ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் வார்களை ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை எண்ணெய் தடவி வைப்பது இந்தக் கடிவாளத்துக்குக் கட்டாயம். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள், பயோதேன் எனப்படும், பூச்சுக் கொடுத்த செயற்கை வாரில் செய்ததை வாங்குவது நல்லது. நைலான் வேண்டாம், வியர்வையில் அது குதிரையின் தோலை அறுக்கிறது.

மூக்கு வார் எங்கே அமர்கிறது என்பதில்தான் இந்தப் பொருளின் நன்மை தீமை அனைத்தும் அடங்கியிருக்கிறது. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. நம்மைப் போல் வாயால் மூச்சு வாங்க அதற்கு இயலாது. மூக்கெலும்பு கீழே போகப் போக மெலிந்து, நாசிக்கு மேலே வெறும் குருத்தெலும்பாக முடிகிறது. வார் அந்த மென்பகுதிக்கு இறங்கிவிட்டால் வலியும் உண்டு, மூச்சும் தடைப்படும். மிக மேலே ஏறினால் கன்ன எலும்பின் முகட்டில் உரசும். விரலால் தடவி, கெட்டியான எலும்பு முடியும் இடத்தை அறிந்து, அதற்கு மேலேதான் வாரைக் கட்ட வேண்டும். வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மிகத் தளர்ந்தால் மூக்கு வார் சுழன்று, கன்னத்து வார் கண்ணருகே போய்விடும். முகத்தின் பக்கவாட்டில் தோலுக்கு அடியிலேயே நரம்புகள் ஓடுகின்றன. எனவே அகலமான, உட்புறம் மெத்தை வைத்த வாரையே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வாங்கியதில் மூக்கு வார் அகலமாகவே இருந்தது. தாடைக்கு அடியில் செல்லும் வார்தான் இன்னும் வழுவழுப்பாக இருந்திருக்கலாம்.

பிட் இல்லாத கடிவாளங்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. பக்கவாட்டு வளையங்களில் நேராக லகான் மாட்டும் சைட்புல் மிக எளியது; பிடி உடனே விலகும். கற்றுக்கொள்ளும் சிறுவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். இரும்புக் கைகள் நீண்டு தொங்கும் மெக்கானிக்கல் ஹேக்கமோரோ நெம்புகோல்போல் இழுவையைப் பெருக்கி மூக்கிலும் தாடையிலும் செலுத்துகிறது. முரட்டுக் கையில் அது பிட்டைவிடக் கொடியது. வாயில் இரும்பில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கருணையுள்ள கருவி என்று விற்பது நியாயமன்று.

தோப்பைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். “வாயில இரும்பு இல்லாம எப்படிண்ணே நிக்கும்?” என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். மிரண்டு ஓடும் குதிரையைப் பிட்டும் நிறுத்துவதில்லை. வலி கூடக்கூட அது இன்னும் வேகமெடுக்கவும் கூடும். அதை நிறுத்துவது, ஒரு லகானால் தலையைப் பக்கவாட்டில் மடக்கி, வட்டத்தைச் சுருக்கி நிற்க வைக்கும் பழக்கம். வேலியிட்ட இடத்தில், நடையில் தொடங்கி, ஓட்டத்திலும் அது கைவந்த பிறகே வெளியே வர வேண்டும். அப்போதும் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களின் கொட்டும் வேட்டும் கூட்டமும் உள்ள பக்கம், எந்தக் கடிவாளம் பூட்டிய குதிரையையும் நான் கொண்டுபோக மாட்டேன்.

இந்த வகையை உலகெங்கும் பரப்பியவர் ராபர்ட் குக் என்ற கால்நடை மருத்துவர். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பிட்டையும் இதையும் ஒப்பிட்டு அவரும் இன்னொருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இதைப் பூட்டியபோது குதிரைகளின் நடத்தை தெளிவாக மேம்பட்டது என்று காட்டினார்கள். ஆனால் அதில் இருந்தவை நான்கு குதிரைகள் மட்டுமே, ஆய்வு செய்தவரே இந்தக் கடிவாளத்தை முன்னிறுத்தியவர். என் குதிரை காட்டிய மாற்றம் அந்த முடிவோடு ஒத்துப்போகிறது என்றாலும், அதை இறுதிச் சான்றாக ஏற்க நான் தயங்குகிறேன். போட்டிக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியது வேறொன்று: சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளில் தடை தாண்டும் போட்டிக்கு ஹேக்கமோர் அனுமதி உண்டு, பயிற்றுவித்த அசைவுகளைக் காட்டும் டிரெஸ்ஸாஜுக்கோ பிட் கட்டாயம்.

வாங்கும்போது தலையின் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் முகம் ஒடுங்கியது என்பதால் பெரிய வெளிநாட்டு இனங்களுக்கான ஃபுல் அளவு பொதுவாகத் தொளதொளக்கும். அதைவிடச் சிறிய காப் அளவைப் பூட்டிப் பார்ப்பது நல்லது. இவ்வினங்களின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து சுழல்பவை; உச்சி வார் காதின் அடியை நெருக்கினால், எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கும். என் குதிரைக்கு மூக்கு வாரில் கூடுதலாகத் துளை போட வேண்டியிருந்தது. நம் ஊர்ச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் அதை நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்.