களி அருமை, டிவிதான் தொல்லை

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், வீட்டின் முன்பக்கத்தையே மெஸ்ஸாக மாற்றி ஒரு அண்ணனும் அக்காவும் நடத்துகிறார்கள். பெயர் வேண்டாம், பாதி புகழ்ந்து பாதி குறை சொல்லப் போகிறேன். ராகி களி, சுவரில் பெரிய டிவி என்றாலே உள்ளூர்க்காரர்களுக்கு எது என்று தெரிந்துவிடும்.

முதலில் சாப்பாடு. துடுப்பு போட்டுக் கிண்டுவது அக்காதான், வேறு யாரையும் தொட விடுவதில்லை. உருண்டையைப் பிட்டால் உள்ளே ஒரு மாவுக் கட்டி இருக்காது, கையிலும் ஒட்டாது. கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ ஏதாவது ஒன்று தினமும் உண்டு. நாட்டுக்கோழிக் குழம்பில் மிளகு தூக்கலாக, தேங்காய் அளவாக இருக்கும். நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றி, பிட்டுத் தோய்த்து மெல்லாமல் விழுங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சொர்க்கம். மென்று தின்கிற ஆட்கள் சோறு கேளுங்கள், அதுவும் இருக்கிறது, சுமார்தான். ரசம் நன்று. மோரில் தண்ணீர் அதிகம். இதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போய்ச் சாப்பிடுங்கள்.

இனி டிவி. கல்லாவுக்கு மேலே, எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறார்கள், நாள் முழுக்கச் செய்திச் சேனல்தான். சாதாரண நாட்களில் அது யாரையும் ஒன்றும் செய்யாது, நான்கு பேர் உட்கார்ந்து கத்துவார்கள், நாம் பாட்டுக்குச் சாப்பிடலாம். 2024 ஜூலை 30 அப்படி இல்லை. அன்று விடியற்காலையில் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை, புஞ்சிரிமட்டம் எல்லாம் சேற்றோடு போனது, இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். சாளியாற்றில் அடித்துக்கொண்டு போன உடல்களைத் தொலைவில் நிலம்பூர்ப் பக்கம் எடுத்தார்கள். மதியம் மெஸ்ஸில் கூட்டம் வழக்கம்போல நிரம்பியிருந்தது, ஆனால் ஒரு சத்தம் இல்லை. பரிமாறுகிற பையன் குழம்பு வாளியோடு நடுவிலேயே நின்றுவிட்டான். மேப்பாடி ஆஸ்பத்திரி வாசலில் தன் ஆட்களைத் தேடி ஒவ்வொரு ஆம்புலன்ஸாக எட்டிப் பார்க்கிற ஒரு அம்மாவைக் காட்டினார்கள், எனக்கு எதிரில் இருந்த பெரியவர் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்து போனார், பாதிக் களி அப்படியே கிடந்தது.

மறுநாளும் அதே அம்மா, அதே ஆம்புலன்ஸ். அதற்கு அடுத்த நாளும். பின்னணியில் சோக இசை வேறு சேர்த்துவிட்டார்கள், மேலே சிவப்புப் பட்டையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அப்போது கவனித்தேன், மேசையில் பேச்சு திரும்பிவிட்டது. நூற்றைம்பது என்றபோது உச்சுக் கொட்டியவர்கள் இருநூறு என்றபோது குழம்புக்கு உப்பு கேட்டார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு முகத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, எண்ணைப் பார்த்தால் கலங்குவதில்லை, அதுவும் அந்த ஒரே முகத்தை நாற்பது தடவை காட்டினால் அதுவும் எண் மாதிரி ஆகிவிடுகிறது. செய்திச் சேனல்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

மனசு மரத்துப் போவது ஒரு பக்கம், மரத்துப் போகாதவர்கள் பாடு இன்னும் மோசம். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மனஅழுத்த அறிகுறிகள் இருந்தனவாம். அது குண்டுவெடிப்பு, இது நிலச்சரிவு, சரி. ஆனால் தினமும் அந்த டிவிக்கு நேர் கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை என்று அக்கா சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. "நிறுத்திடுங்கண்ணா"ன்னு கேட்டேன். "நிறுத்தினா ஆளுங்க போடச் சொல்றாங்களே" என்றார். உண்மைதான். சாப்பிட முடியவில்லை என்றும் சொல்வோம், அணைத்தால் என்ன ஆச்சு என்றும் கேட்போம்.

ஒரே ஒரு நாள் மட்டும் அந்த டிவியைத் திட்டத் தோன்றவில்லை. ஆகஸ்ட் 1, சூரல்மலையில் ராணுவம் பெய்லி பாலம் கட்டி முடித்த நாள். கட்டியவர்கள் நம் பெங்களூரு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், மேஜர் சீதா ஷெல்கே தலைமையில். மெஸ்ஸுக்கு வாடிக்கையாக வருகிற ஒரு ரிட்டயர்ட் ராணுவக்காரர், ஓசூர்ப் பக்கம் வேலையாக வந்தவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து டம்ளர், ஸ்பூன் எல்லாம் அடுக்கி விளக்கமே கொடுத்தார். ஒரு பேனல் பத்தடி நீளம், ஆறு பேர் சேர்ந்து தூக்கலாம், ஒன்றோடொன்று சேர்த்து ஆணி செருகினால் போதும், வெல்டிங் வேண்டாம், கிரேன் இல்லாவிட்டாலும் ஓடும். 190 அடி என்றால் ஒரு வரிசைக்கே பத்தொன்பது பேனல். 24 டன் தாங்கும், ஜேசிபி, ஆம்புலன்ஸ் எல்லாம் போகும். இரண்டு நாளாகத் தலையைக் குனிந்து தின்றவர்கள் அன்று நிமிர்ந்து பார்த்துத் தின்றார்கள். சாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது என்று நினைக்கிறேன், யாரோ ஒருவர் எதையாவது செய்வதைப் பார்த்தாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

அந்தச் சும்மா இருக்க முடியாத தவிப்பில்தான் வீட்டில் கிடக்கிற பழைய துணியை மூட்டை கட்டத் தோன்றுகிறது. மெஸ் வாசலிலும் மூட்டைகள் சேர்ந்தன. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் இப்படி வந்த பழந்துணி யாருக்கும் ஆகாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்த கதை பலருக்குத் தெரியும். அண்ணன் இதில் கெட்டி, துணியை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லாவில் கேரள முதல்வர் நிவாரண நிதி விவரத்தை எழுதி ஒட்டிவிட்டார். இதற்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூட.

நான்கு மாதம் கழித்து டிவியில் வந்தது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, கரை ஏறிய புயல் வலுவிழந்துவிடும் என்றுதானே நாம் படித்திருக்கிறோம், இது நகராமல் நின்று நின்று உள்மாவட்டங்களில் கொட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. இந்தப் பக்கம் வருடம் முழுக்கப் பெய்தாலே எண்பது, தொண்ணூறுதான். ஏரி நிரம்பி வந்த தண்ணீர், ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் வரிசையாக இழுத்துப் போகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2004 வரை நாங்கள் எல்லாம் ஒரே மாவட்டம், பாதிப் பேருக்குச் சம்பந்தி வீடு அங்கேதான், அக்காவுக்குத் தாய்வீடே அங்கேதான். மெஸ்ஸில் ஒருவர்கூட உச்சுக் கொட்டவில்லை. எல்லார் கையிலும் போன். "அந்தக் கடை நம்ம மாமா கடைக்குப் பக்கத்துல" என்று ஒருவர் டிவியைக் காட்டிக் கத்தினார். சேனல்காரர் போட்ட சோக இசை யார் காதிலும் விழவில்லை.

அக்காவின் தங்கை பிறகு சொன்னதுதான் இங்கே எழுத வேண்டியது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் கொஞ்சம்தான், சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள். "உங்க ஊரு டிவில வருதுடி" என்பதுதான் முதல் வார்த்தையாம். தண்ணீர் எவ்வளவு உயரம், வேன் எங்கே போச்சு, நீ பார்த்தியா, வீடியோ எடுத்தியா. கடைசியில் சார்ஜ் தீர்ந்து, பால் வாங்க முடியுமா என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்க வேண்டிய நேரத்தில் போன் செத்துப்போச்சு. "பாவம், பாசத்துலதான் கேட்டாங்க" என்றும் அவளே சொன்னாள். அதனால் சேவைக் குறிப்பு ஒன்று, மெஸ்ஸுக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும்: அப்படி ஒரு நேரத்தில் போன் பண்ணாதீர்கள், "பத்திரமா? பதில் வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் போடுங்கள், முடிந்தால் ரீசார்ஜ் பண்ணிவிடுங்கள்.

அதற்கப்புறம் அக்கா ரிமோட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சத்தம் கிடையாது. படம் மட்டும் ஓடுகிறது, அதையும் நிறுத்தச் சொன்னால் அண்ணன் கிரிக்கெட்டைக் காரணம் காட்டுகிறார். பாதி வெற்றி.

சாப்பாட்டுக்கு நாலரை, டிவிக்கு ஒன்று. சனி, ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், கோழி தீர்ந்துவிடும். ஜிபே உண்டு. வண்டி நிறுத்த இடம் சிரமம். டிவிக்கு முதுகு காட்டி உட்கார ஜன்னலோரம் இரண்டு மேசை இருக்கிறது, ஆனால் அங்கே ஃபேன் ஓடாது, மே மாதத்தில் போகிறவர்கள் டிவியையே பார்த்துத் தொலையுங்கள்.