கொடிக்கயிற்றில் உந்தம்: வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

மகள் அடுத்த வருடம் உயர்தரம், கணிதப் பிரிவு. கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த மூன்று மணிநேர உந்த வகுப்புக்குக் கூட்டிப்போனேன். உந்தம் என்றால், ஓடும் பொருளின் திணிவை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவது. கட்டணம் 1,500 ரூபா. பெற்றோரும் பின்வாங்கில் இருக்கலாம் என்றார்கள். இருந்தேன்.

மிஸ் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டினார். சாணுக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு தள்ளிப்போனால் உந்தம் பத்து மடங்கு. பிள்ளைகள் திணிவை வேகத்தால் பெருக்கி, விடையை அட்டையில் எழுதி, கிளிப்பால் மாட்ட வேண்டும்.

இடது கோடியில் செக்கனுக்கு 500 மீற்றர் ஓடும் நைதரசன் மூலக்கூறு: 10இன் அடுக்கு -23. அதற்குப் பிறகு பதினேழு முடிச்சுத் தூரம் வெறும் கயிறு. அப்புறம்தான் நுளம்பு. கிரிக்கெட் வீரர் மாலிங்க மணிக்கு 140 கிலோமீற்றரில் எறிந்த பந்து 6 அலகு (கிலோகிராமை, செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்ற வேகத்தால் பெருக்கியது). 300 தொன் ரயில் 60இல் ஓடினால் 50 இலட்சம். பந்தைப்போல எட்டு இலட்சம் மடங்கு. கயிற்றிலோ ஆறே முடிச்சு! வலது கோடியில், சூரியனைச் சுற்றும் பூமி, அடுக்கு 29.

எனக்குப் பெரிதாகப் பட்டது கப்பல் அட்டைதான். துறைமுகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு இலட்சம் தொன் கப்பல் செக்கனுக்குப் பத்தே சென்ரிமீற்றர் நகர்ந்து கரையைத் தொடுகிறது. ஆமை வேகம். ஆனாலும் உந்தம் அந்த ரயிலைப்போல நாலு மடங்கு. அது பத்து செக்கனில் நிற்க, சராசரியாக 20 இலட்சம் நியூற்றன் விசை வேண்டும், கிட்டத்தட்ட 200 தொன் பாரம். கரையில் அந்தத் தடித்த இறப்பர் மெத்தைகள் ஏன் என்று மகளுக்கு நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்று அவளே கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி, "அப்பா, உங்கட கப்பல் ட்ரெயினுக்குப் பக்கத்திலயே தொங்குது" என்றாள்.

குறைகளும் உண்டு. அச்சடித்துத் தந்த தாளில் ரயிலின் அடுக்கு 6க்குப் பதிலாக 9. ஒரு பையன் எழுந்து சொன்ன பிறகே திருத்தினார்கள். மைக் இரைச்சலில் கடைசி வரிசைக்குப் பாதி கேட்கவில்லை. பெரிய மனக்குறை, இயக்கசக்தியை, அதாவது ஓடும் பொருளிடம் ஓட்டத்தால் இருக்கும் சக்தியை, தொடாமல் விட்டது. 8 கிராம் துப்பாக்கிக் குண்டு செக்கனுக்கு 700 மீற்றரில் போனால், அதன் உந்தம் மாலிங்கவின் பந்தைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் சக்தி பதினாறு மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால், உந்தம் பெரிதென்றால் ஆபத்தும் பெரிது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

அடுத்த மாத வகுப்புக்கும் காசு கட்டிவிட்டேன். ஒன்பது மணிக்குத் தொடக்கம். முன்வாங்கு வேண்டுமென்றால் எட்டரைக்கே போய்விடுங்கள்.