ரிமோட் வெச்ச கயோட்டி காலர் – ஒரு சீசன் முழுக்க யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

காலர்னா கழுத்துப் பட்டை இல்ல, இரை கத்துற மாதிரி சத்தம் போட்டு கயோட்டிய சுடுற தூரத்துக்குக் கூப்பிடுற (caller) ஸ்பீக்கர் பொட்டி. முதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய வேட்டைக்காரன் எல்லாம் கிடையாது. வார நாள்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற ஆளு. டெக்சாஸ்ல பாஸ்ட்ராப் பக்கம் 22 ஏக்கர் வாங்கி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் குறையும்னு சொன்னாங்களேன்னு வெள்ளாடு விட்டு, அப்புறம் அந்த ஆடுங்க மேல நிஜமாவே பாசம் வந்து மாட்டிக்கிட்டவன். போன மார்ச்ல பத்து நாளுக்குள்ள மூணு குட்டி போச்சு. பக்கத்து ரான்ச்ல ஒரு பெரியவர் இருக்கார், அவர் வந்து தொண்டையப் பிரிச்சுப் பாத்துட்டு பல்லு பட்ட இடத்தக் காட்டி இது கயோட்டி, நாய் இல்லன்னு சொன்னார், நாய்னா கண்ட எடத்துல கடிச்சுக் கொதறி வெச்சிருக்குமாம், கயோட்டி நேரா தொண்டைக்குத்தான் போகுமாம்.

கயோட்டி தெரியாதவங்களுக்கு: ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் நடுவுல ஒரு சைஸ், எங்க பக்கம் 25லேர்ந்து 40 பவுண்டு வரைக்கும் இருக்கும். ஒரு காலத்துல பெரும்பாலும் மேற்குப் பக்கம்தான் இருந்தது, ஓநாய எல்லாத்தையும் மனுசன் ஒழிச்சு விட்டதும் காலியான எடத்துக்கெல்லாம் இது பரவி இப்ப ஹவாய் தவிர எல்லா மாநிலத்துலயும் இருக்கு. அவ்ளோ கெட்டிக்கார ஜீவன். இதுகிட்டதான் நான் இருநூத்திச் சொச்சம் டாலர் பொட்டிய வெச்சு ஜெயிக்கலாம்னு கிளம்புனேன்.

பொட்டி என்னன்னா லஞ்ச் பாக்ஸ் சைஸ்ல ஒரு ஸ்பீக்கர், கூட ஒரு ரிமோட். உள்ள நூறு சத்தம் இருக்கு. முயல் கத்துறது, எலி கீச்சுறது, கயோட்டி குட்டி அழுறது, பெரிசுங்க ஊளை விடுறது, ஏன் மரங்கொத்தி கூட இருக்கு. சத்தத்தோட தரம் நல்லாவே இருக்கு, அதுல குறையே சொல்ல மாட்டேன். முக்கா வால்யூம் வரைக்கும் சுத்தமா கேக்குது, அதுக்கு மேல போனா கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் மாதிரி கரகரங்குது, ஆனா அமைதியான காலைல அவ்ளோ வால்யூம் வெக்க வேண்டிய அவசியமே வரல. நூறு சத்தத்துல நான் யூஸ் பண்றது மொத்தம் அஞ்சு. எங்க ஏரியால காட்டன்டெயில் முயல்தான் ஜாஸ்திங்கிறதால பெரும்பாலும் அது ஒண்ணுதான் ஓடுது.

இப்ப என் முட்டாள்தனம். செப்டம்பர் கடைசில டெலிவரி வந்ததும் புது பொம்மை கெடச்ச பையன் மாதிரி ஒரு வாரம் தெனம் சாயங்காலம் வீட்டுப் பின்னாடி அதே எடத்துல அதே முயல் சத்தத்த போட்டுக்கிட்டு பின்கட்டுப் படில காபிய கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒண்ணும் வரல, ஸ்டார் ஒண்ணு குடுத்து திட்டி எழுதிட்டு திருப்பி அனுப்பிடலாம்னு கூட டைப் பண்ணுனேன். நல்ல வேளை அனுப்பல. ட்ரெயில் கேமரா (மிருகம் நடமாடுனா தானா படம் எடுக்கிற கேமரா) கார்ட எடுத்துப் பாத்தா அந்த வாரத்துல நாலு தடவ கயோட்டி வந்திருக்கு! நான் உக்காந்த எடத்துக்கு காத்து போற பக்கமா வந்து, நின்னு, மோந்து பாத்துட்டு, வந்த வழியே போயிருக்கு. காபி வாசனையோ என் வாசனையோ ரெண்டுமோ. பொட்டி அது வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு, நான்தான் செய்யல.

நம்ம ஆளுங்க நரி இடம் போனா என்ன வலம் போனா என்ன, மேல விழுந்து கடிக்காம இருந்தா சரின்னு சொல்லுவாங்க இல்லையா, இந்த விஷயத்துல மட்டும் அது செல்லாது, எந்தப் பக்கம் போகும்னு தெரிஞ்சாத்தான் பொழப்பே. கயோட்டி சத்தத்த நோக்கி நேரா ஓடி வராது, முக்காவாசி நேரம் சுத்திக்கிட்டு காத்து வீசுற திசைக்கு கீழ போய் அந்தச் சத்தத்துக்கு வாசனை பிடிக்கப் பாக்கும். அதனால வடக்கிருந்து காத்து அடிக்குதுன்னா (குளிர்காலத்துல கோல்ட் ஃப்ரன்ட், அதாவது குளிர்காத்து அலை, வந்து போன மறுநாள் இங்க அப்படித்தான் அடிக்கும்) பொட்டிய வெட்டவெளில வெச்சுட்டு அதுக்கு மேற்கால ஒரு நாப்பது யார்டு தள்ளி ஒரு மரத்துல சாஞ்சு கிழக்க பாத்து உக்காரணும், பொட்டிக்குத் தெக்கால இருக்கிற வெட்டவெளி உங்க கண்ணுக்குத் தெரியணும், அது வாசனை பிடிக்க வர்ற எடம் அதுதான். உங்க வாசனை உங்க வலது பக்கமா தெக்க போயிடும். சாயங்காலம்னா சூரியனும் முதுகுப் பக்கம் வந்துடும், கயோட்டி கண்ணுலதான் வெயில் அடிக்கும். இந்த ஒரு விஷயத்த அந்தப் பெரியவர் ஒரு குச்சிய வெச்சு மண்ணுல கோடு போட்டுச் சொல்லிக் குடுத்தார். பொட்டிகூட வந்த புக்லெட்ல இதப் பத்தி ரெண்டு வரி. பேட்டரி எப்படி மாத்துறதுன்னு மட்டும் நாலு பக்கம்.

இதனாலதான் ரிமோட் வெச்ச காலர் பிகினர்க்கு பிரயோஜனம்னு சொல்றேன். வாயால ஊதுற கால் (call), விசில் மாதிரி ஒண்ணு, பதினஞ்சு இருபது டாலருக்கே கெடைக்கும், அதுவும் வாங்கிப் பாத்தேன், ஆனா அதுல சத்தம் வர்ற எடமும் நீங்க உக்காந்திருக்கிற எடமும் ஒண்ணு, அது உங்களத்தான் நேரா பாத்துக்கிட்டே வரும், கைய அசைச்சா போச்சு. பொட்டின்னா அது கவனம் நாப்பது யார்டு தள்ளி இருக்கும். தவிர நான் ஊதுனா முயல் கத்துற மாதிரி இல்ல, கல்யாணத்துல நாயனம் பழகுற பையன் மாதிரி இருக்குன்னு வீட்டம்மா சொல்றாங்க.

சத்தம் எப்படி வெக்கணும்னா, முதல்ல கம்மியா, ஏன்னா பக்கத்துப் புதர்லயே ஒண்ணு படுத்திருக்கலாம். ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு ஏத்தணும். பதினஞ்சு இருபது நிமிஷம் ஒரு எடத்துல அசையாம இருக்கணும், இது எழுதும்போது ஈசியா இருக்கு, கொசு காதுல பாடும்போது தெரியும். ஒண்ணும் வரலன்னா எந்திரிச்சுப் போயிடணும், அதே எடத்துக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு திரும்பி வரக்கூடாது, சத்தத்தையும் மாத்தணும். 22 ஏக்கர்ல நல்ல ஸ்பாட்டே எனக்கு மூணுதான் தேறுச்சு, அதனால மாசத்துக்கு நாலு தடவைக்கு மேல உக்காரல. பெரியவர் அவரோட நிலத்துலயும் உக்கார பர்மிஷன் குடுத்தப்புறம்தான் கொஞ்சம் வழி பொறந்துச்சு. சின்ன நிலம் வெச்சிருக்கிறவங்க பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட பேசிடுங்க, சத்தம் உங்க வேலியோட நிக்காது.

நிக்காதுங்கிறதுக்கு ஆதாரம்: அக்டோபர்ல ஒரு காலைல, இன்னும் சரியா விடியல, புதர் அசையுது, வெள்ளையா ஒண்ணு வருது, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. பாத்தா ரெண்டு வேலி தாண்டி இருக்கிறவரோட கிரேட் பிரனீஸ், ஆட்டுக்குக் காவல் இருக்கிற அந்தப் பெரிய நாய், முயல் கத்துதேன்னு வந்து பொட்டிய மோந்து பாத்துட்டு என் மடில தலைய வெச்சுப் படுத்துக்கிச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், முழுசா தெரியாம விரல் ட்ரிகர் பக்கமே போகக்கூடாதுன்னு. இன்னொரு நாள் பெரிய கொம்பு ஆந்தை ஒண்ணு சத்தமே இல்லாம மேலேர்ந்து இறங்கி பொட்டிய நகத்தால கீறிட்டு போச்சு. ஆந்தை, பருந்து எல்லாம் 1972லேர்ந்தே ஃபெடரல் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவைங்க, தொடக்கூடாது. கூப்பிடுறது உங்க வேலை, யார் வருவாங்கங்கிறது உங்க கைல இல்ல.

முதல் கயோட்டி ஒன்பதாவது தடவ உக்காந்தப்பதான், நவம்பர் நடுவுல. இலையுதிர் காலத்துல அந்த வருஷத்துக் குட்டிங்க தனியா பிரிஞ்சு போற நேரம், அனுபவம் கம்மி, பசி ஜாஸ்தி, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அக்டோபர் நவம்பர்தான் தோது. இந்த நேரத்துல ஊளைச் சத்தம் போட்டா இளசுங்க பயந்து போயிடும், ஊளைய ஜனவரி பிப்ரவரிக்கு, அதுங்க ஜோடி சேர்ற சமயத்துக்கு வெச்சுக்கோங்க. வேகமா ஓடி வந்துச்சு, வாயாலயே ஒரு தடவ நாய் மாதிரி வவ்னு குரைச்சேன், டக்னு நின்னு பாத்துச்சு, முப்பது யார்டு இருக்கும். ஒரே ஷாட்ல முடிஞ்சுது. சந்தோஷமா இருந்துச்சான்னு கேட்டா, இல்ல, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அழகான மிருகம். ஜனவரில ஊளை போட்டு இன்னொண்ணு. மூணாவதா வந்தது சரியா ரோட்டுப் பக்கம் நின்னுச்சு, சுடாம விட்டுட்டேன்.

துப்பாக்கி பத்தி நெறைய பேர் கேப்பீங்க. எல்லாரும் .223, .22-250ன்னு ரைஃபிள்தான் சொல்லுவாங்க, பெரிய ரான்ச்சுக்கு அது சரி. என்ன மாதிரி 22 ஏக்கர், சுத்தி வீடுன்னா 12 கேஜ் ஷாட்கன், நம்பர் 4 பக்ஷாட் (ஒரே தோட்டால நெறைய சின்னக் குண்டு), நாப்பது யார்டுக்குள்ள, அவ்ளோதான். ரைஃபிள் குண்டு தப்புனா மைல் கணக்குல போகும், வேலி தாண்டி அடுத்தவன் நிலத்துக்குள்ள போனாலே டெக்சாஸ்ல குற்றம். ஷாட்கன்னா கூட பின்னாடி மண்ணு இருக்கணும், நான் குட்டைக் கரை பின்னாடி வர்ற மாதிரிதான் உக்காருவேன். மூணாவது ஸ்பாட்ட கை விட்டதே அதுக்குத்தான், பின்னாடி பள்ளிக்கூட பஸ் போற ரோடு.

லைசன்ஸ் விஷயம் சுருக்கமா. டெக்சாஸ்ல கயோட்டிக்கு சீசன் கெடையாது, எண்ணிக்கை லிமிட்டும் கெடையாது, எலக்ட்ரானிக் காலருக்கும் தடை இல்ல, தனியார் நிலத்துல ராத்திரிலயும் அனுமதி உண்டு. ஆடு கோழிய தாக்குது, இல்ல இப்பதான் தாக்கிட்டுப் போச்சுன்னா லைசன்ஸே வேண்டாம், ஆனா சும்மா கூப்பிட்டு உக்கார்றதுன்னா ஹன்டிங் லைசன்ஸ் எடுத்துருங்க, உள்ளூர்க்காரங்களுக்கு 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் முடிக்கணும், ஆன்லைன்லயே முடிச்சேன், நெசமாவே உபயோகமா இருந்துச்சு. வேற மாநிலம்னா ரூல் வேற, பாத்துக்கோங்க. அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு முக்கியமான ஒண்ணு: எச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சுக்கிறது ஃபெடரல் சட்டப்படி தடை, செல்லுபடியாகுற ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான் உண்டு. க்ரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்ல. நண்பன் துப்பாக்கிதானே, ஒரு நாள்தானேன்னு விளையாடாதீங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு தொடுங்க. செத்தத வெறுங்கையால தொடாதீங்க, கிளவுஸ் போடுங்க, சொறி, ரேபிஸ்னு எல்லாம் இருக்கு. தெக்கு டெக்சாஸ்ல 1995லேர்ந்து ப்ளேன்ல ரேபிஸ் தடுப்பு மருந்து வெச்ச தீனிய தூவுற அளவுக்கு அது பெரிய பிரச்சனையா இருந்த ஊர் இது.

சரி, பொட்டியோட குறைங்களுக்கு வர்றேன். ரிமோட் 300 யார்டு எட்டும்னு டப்பால போட்டிருக்கு, வெட்டவெளில இருக்கலாம், எங்க பக்கம் யாபோன் புதர் அடர்த்தி, நூறு தாண்டுனா திக்குது. ரிமோட் ஸ்க்ரீன் வெளிச்சத்த முழுசா அணைக்க முடியல, விடியக்காலைல அமுக்குனா என் மூஞ்சி பேய் படத்துல வர்ற மாதிரி ஒளிருது, கறுப்பு டேப் ஒட்டி பட்டன் எது எதுன்னு தடவிப் பழகிக்கிட்டேன். சாதா ஏஏ பேட்டரி ஃப்ரீஸிங்க ஒட்டுன குளிர்ல பாதி நேரத்துல மயங்கிடுது, லித்தியம் போட்டா பிரச்சனை இல்ல. கூட வந்த வால் ஆட்டுற டீக்காய் (கயோட்டி கண்ண இழுக்குறதுக்கான போலி இரை) மோட்டர் ரெண்டாவது மாசமே நின்னுச்சு, கஸ்டமர் சர்வீஸ்க்கு மூணு மெயில் போட்டேன், நாலாவது மெயிலுக்கு ஃபோட்டோ கேட்டாங்க, ஃபோட்டோ அனுப்புனப்புறம் சத்தமே இல்ல. அது இல்லாமயே வேலை நடக்குது, அதனால விட்டுட்டேன்.

ஆடு சாவு நின்னுச்சான்னு கேட்டா, நின்னுச்சு, ஆனா அதுக்கு இந்தப் பொட்டிக்கு பாதி மார்க் கூட குடுக்க மாட்டேன். ரெண்டு கயோட்டி போனா அந்த எடத்துக்கு வேற ரெண்டு வரும், அடிச்சு அடிச்சு இத ஒழிச்சவங்க யாரும் இல்ல. குட்டி போடுற சீசன்ல ராத்திரி பட்டில அடைக்கிறது, எலக்ட்ரிக் நெட் வேலி, அப்புறம் ஒரு கழுதை, இதுங்கதான் நெசமா காப்பாத்துது. கழுதைக்கு கயோட்டின்னாலே ஆகாது, காதப் பின்னால மடக்கிக்கிட்டு துரத்தும் பாருங்க, இருநூறு டாலர் பொட்டி பிச்ச வாங்கணும். ஆட்ட காப்பாத்த மட்டும்னு வாங்குறவங்க அந்தக் காச வேலில போடுங்க. ஒரே ஒரு கயோட்டி ருசி கண்டு திரும்பத் திரும்ப வருதுன்னா, இல்ல உக்காந்து கத்துக்கணும்னு ஆசை இருக்குன்னா இது வாங்கலாம்.

அஞ்சுக்கு மூணரை. ஆந்தை கீறுன எடத்துல டக்ட் டேப் ஒட்டி வெச்சிருக்கேன், வாரண்டில அது வராதாம்.