புது ப்ரான்ஸா, பழைய கோல்டா? குறைந்த பட்ஜெட்டில் ஒரு எஸ்எம்பிஎஸ்

கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கணினி பட்டென்று அணையும். நீலத் திரை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. யாரோ பிளக்கைப் பிடுங்கிய மாதிரி. முதலில் கிராபிக்ஸ் கார்டு மேல்தான் சந்தேகம். டிரைவரை மாற்றினேன், ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகுதான் கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது! மிச்சமெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களைக் கூட்டிக் கணக்குக் காட்டியது. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் லைனிலிருந்துதான்.

மாற்றியே ஆக வேண்டும், கையில் பணமும் குறைவு. எதிரே இருந்தவை மூன்று: இதே மாதிரி பெயர் தெரியாத இன்னொரு '600 வாட்', தெரிந்த நிறுவனத்தின் புது 550 வாட் ப்ரான்ஸ், ஆறு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் 650 வாட் கோல்டு. ப்ரான்ஸ், கோல்டு என்பவை 80 பிளஸ் என்ற தர முத்திரையின் படிகள், கோல்டு மேலே.

முதலாவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கையில் தூக்கினாலே காலி டப்பா போல இருக்கும். பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் உள்ளே பழைய காலத்து வடிவமைப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதிக மின்னழுத்தம், அதிக லோடு, ஷார்ட் சர்க்யூட் இவற்றுக்கான பாதுகாப்புகள் அட்டையில் இருக்கும், சர்க்யூட்டில் இருக்குமா என்பது சந்தேகம். இந்த வகை செத்தால் தனியாகச் சாவதில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். சரி, அதை விடுவோம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். கோல்டு என்ற சொல்லுக்கு மயங்காதவர்கள் குறைவு, நானும் மயங்கினேன். ஆனால் 80 பிளஸ் முத்திரை சொல்வது மின்சிக்கனத்தை மட்டுமே. 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் ப்ரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90 சதவீதம். என் கணினி கேம் நேரத்தில் 250 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ப்ரான்ஸ் சுவரிலிருந்து சுமார் 294 வாட் இழுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட். தினம் மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்குச் சுமார் 18 யூனிட். இதற்காக ஏங்க வேண்டியதில்லை. வெளிவரும் மின்சாரம் எவ்வளவு சீராக இருக்கிறது, பாதுகாப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதையெல்லாம் அந்த முத்திரை சோதிப்பதே இல்லை.

ஆனாலும் கோல்டை மட்டம் தட்ட மாட்டேன். அந்தத் தரத்தை எட்டுவதற்காக உள்ளே பொதுவாக நல்ல சர்க்யூட் போடுகிறார்கள். சூடு குறைவு, ஃபேன் சத்தமும் குறைவு. அந்தப் பெட்டிக்கு வயது இரண்டாக இருந்திருந்தால் பேரம்கூடப் பேசாமல் எடுத்திருப்பேன்.

வயதுதான் இடித்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் தேய்வது முக்கியமாக இரண்டு: ஃபேன், மின்சாரத்தைத் தேக்கிவைத்துச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆறு வருடம் அது எந்தச் சூட்டில் ஓடியது, தூசி அடைத்துக் கிடந்ததா, இரவு பகலாகக் கிரிப்டோ காயின் தோண்டியதா? விற்பவர் "லைட் யூஸ்தான்" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஃபேன் ஜாலி வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். உப்பிய கெப்பாசிட்டர் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் உப்பாமலேயே வற்றியிருக்கலாம். திறந்து பார்க்கும் எண்ணம் உங்களுக்கு வந்தால் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அதனால் நான் கடைசியில் பார்த்தது வாரண்டியைத்தான். வாட்டும் பதக்கமும் நிறுவனம் நம்மிடம் சொல்வது. வாரண்டி வருடம் மட்டும் அது தன் பணத்தை வைத்துச் சொல்வது. ஒரே நிறுவனம் ஒரே 550 வாட்டை இரண்டு வரிசையில் விற்கும், ஒன்றுக்கு மூன்று வருடம், இன்னொன்றுக்கு ஐந்து. காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். 105 டிகிரி சூடு வரை தாங்கும் கெப்பாசிட்டருக்குப் பதில் சில இடங்களில் 85 டிகிரி, கொஞ்சம் மட்டமான ஃபேன், 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் பழைய முறை. இந்த முறையில் கிராபிக்ஸ் கார்டு 12 வோல்ட்டை முழுக்க இழுக்கும்போது அந்த லைன் தாழும், 5 வோல்ட் ஏறும். நல்ல வரிசையில் இரண்டையும் தனித்தனியாகக் கையாள்கிறார்கள்.

நான் போட்ட கணக்கு இதுதான். பெயரில்லாத பெட்டியின் விலையை ஒரு பங்கு என்று வைத்தால், பழைய கோல்டு இரண்டு பங்கு, புது ப்ரான்ஸ் மூன்று பங்கு. பெயரில்லாததற்கு ஒரு வருட வாரண்டி, அதாவது வருடத்துக்கு ஒரு பங்கு. கோல்டுக்கு ஏழில் மிச்சம் ஒரு வருடம், அதுவும் பில் வேறொருவர் பெயரில். தாராளமாக எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு இரண்டு பங்கு. ப்ரான்ஸுக்கு ஐந்து வருடம், வருடத்துக்கு 0.6 பங்குதான். பார்க்க விலை அதிகமாகத் தெரிந்தது மூன்றிலும் மலிவாக முடிந்தது. அடுத்த முறை பிராசஸரும் மதர்போர்டும் மாறினாலும் இதையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பதும் சேர்ந்துகொண்டது.

கோல்டைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. அது மாடுலர் வகை, அதாவது கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அதில் இரண்டு கேபிளைக் காணோம். "வேற கம்பெனி கேபிள் இருக்கு, தர்றேன், அப்படியே உட்காரும்" என்றார் விற்பவர். உட்காரும்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் எஸ்எஸ்டி அந்த நொடியே போய்விடும். செகண்ட் ஹேண்ட் மாடுலர் வாங்குகிறவர்கள் கேபிளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய ப்ரான்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 42 ஆம்பியர், அதாவது 504 வாட். பெயரும் சரக்கும் ஏறக்குறைய ஒன்று. பட்ஜெட் இன்னும் இறுக்கமென்றால் வாட்டைக் குறையுங்கள், வரிசையைக் குறைக்காதீர்கள். ஒரே 8 பின் இணைப்பு கேட்கும் கார்டுக்கு ஒழுங்கான 450 வாட் பெரும்பாலும் போதும்.

நான் இதை ஓட்டியது இரண்டு வருடம்தான், ஐந்தாவது வருடம் எப்படியிருக்கும் என்பதை இன்னும் பார்க்கவில்லை. என் கார்டும் நடுத்தரம். பெரிய கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்குவதற்கென்றே 2022-ல் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை வந்தது. அந்த வகை கார்டு உங்களிடம் இருந்தால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் யுபிஎஸ். புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய பிறகு, கேம் நடுவில் கரண்ட் போனால் என் பழைய யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைகிறது, சும்மா இருக்கும்போது தாங்குகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கும், சுவர் மின்சாரம் போல வழுவழுப்பான சைன் அலை தராத மலிவு யுபிஎஸ்ஸுக்கும் சில நேரம் ஒத்துப்போகாது என்பது பலரும் சொல்லும் புகார். என் யுபிஎஸ்ஸில் பேட்டரியும் பழசு என்பதால் பழியை யார் மேல் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.