பிள்ளை வளர்கிறாள்: மினி சேஸியா, ஜூனியர் சேஸியா?

கார்ட் (சிறிய பந்தய வண்டி) ஓட்டும் பிள்ளை வளர்ந்தால், எந்த அளவு சேஸி, அதாவது அடிச்சட்டம், வாங்குவது? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். மகளின் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டத் தொடங்கிவிட்டது.

நீளம்: மினியில் முன் பின் சில்லுகளுக்கு இடையே 950 மில்லிமீற்றர், ஜூனியரில் ஏறத்தாழ 1040.

ஓட்டம்: மினி சட்டென்று திரும்பும். கார்ட்டின் பின் அச்சில் டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சில்லுகளையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் பொறி) இல்லை. வளைவில் உள்பக்கப் பின் சில்லு சற்று எழும்பினால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். மெலிந்த பிள்ளைக்குப் பெரிய சேஸியில் அது எழும்பாமல் வண்டி இழுத்துப் பிடிக்கும். வாங்குமுன் பலர் யோசிக்காத விஷயம் இது.

செலவு: ஜூனியர் பல வருடம் உதவும். இரண்டிலும் பழையது என்றால் கவிழ்த்துப் பாருங்கள்: அடிக்குழாய் உரசித் தட்டையாகியிருந்தால் வேண்டாம்.

கால் தாராளமாகப் பெடலை எட்டி, உடம்பிலும் கொஞ்சம் எடை ஏறியிருந்தால் ஜூனியர். உயரம் மட்டும் கூடியிருந்தால், முதலில் மினியிலேயே சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்.